நிரந்தர முகவரி: கப்பல்துறையிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

நம் நாட்டின் விண்ணப்பப் படிவங்களுட் பலவற்றில் ‘நிரந்தர முகவரி’, ‘தற்காலிக முகவரி’ என இரு கூறுகள் இடம்பெற்றிருத்தலைக் காணலாம். ஒருவன் பிறந்த வீடு, அவன் தந்தையின் காணி, அவ்வூர்த் தபாற் கந்தோர் ஆகிய மூன்றும் இடம் பெயராதிருக்கும் என்ற நம்பிக்கையின் மீதே இப்பாகுபாடு எழுந்துள்ளது. தொழிலின் பொருட்டோ கல்வியின் பொருட்டோ அவன் பிறிதோர் ஊரில் தங்கலாம். எனினும் ஈற்றில் அவனைத் தேடிச் சென்று காணத்தக்க இடம் ஒன்று உண்டு என்பதே அதன் உட்பொருளாகும்.

திருகோணமலை மாவட்டத்து மக்களின் அண்மைக்கால வரலாறு இந்நம்பிக்கையைப் பொய்ப்பித்தது. 1983ஆம் ஆண்டின் வன்செயல்களும், 1990ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மீண்டும் மூண்ட போரும், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையும் எண்ணற்ற குடும்பங்களைத் தம் ஊரினின்றும் பெயர்த்தன. 2006இல் சம்பூரை விட்டு வெளியேறிய மக்கள் கிளிவெட்டி முதலான இடங்களில் அமைந்த முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். அவர்களுட் பலர் 2015, 2016ஆம் ஆண்டுகளிலேயே தம் காணிகளுக்கு மீண்டனர். இத்தகையோரிடம் நிரந்தர முகவரியைக் கேட்டால், அவர் எதனை எழுதுவார்? இருந்த இடத்தையா, இருக்கும் இடத்தையா? தற்காலிகம் என்று எழுதிய முகவரியே பத்தாண்டு நிலைத்ததும், நிரந்தரம் என்று எழுதிய வீடு அடையாளமின்றிப் போனதும் இம்மாவட்டத்தார் கண்ட உண்மைகள்.

கண்டி வீதியை அண்டியுள்ள கப்பல்துறை என்னும் ஊரின் பெயர் இவ்விடத்து நம் சிந்தனைக்குரியதாகின்றது. கப்பல் வந்து தங்கும் துறை என்பது அதன் பொருள். துறைக்கு இடம் உண்டு. கப்பலுக்கோ நிலையான இடம் இல்லை. அவ்வாறாயின் கப்பலில் வாழ்வோனுக்கு முகவரி யாது? அவனுக்குக் கடிதம் எவ்வாறு சென்று சேர்ந்தது? இவ்வினாவுக்குக் கடல்வழித் தபாலின் வரலாறு அளித்த விடையே இன்று மின்னஞ்சல் உலகில் ‘சொந்த வழங்கி’, ‘நிரந்தர முகவரி’ எனப் பேசப்படும் பொருளுக்கும் விடையாக அமைகின்றது என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பிரித்தானியக் கடற்படையின் கீழைத்தேயத் தளங்களுள் தலையாயதாகத் திருகோணமலை விளங்கியது. 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாகியபோதும், 1944இல் கீழைக் கடற்படையின் முதன்மைத் தளமாக மீண்டும் எழுச்சி பெற்றது. இத்துறையில் நங்கூரமிட்டிருந்த கப்பல்களில் ஆயிரக்கணக்கான மாலுமிகள் பணியாற்றினர். அவர்களுடைய தாய்மாரும் மனைவியரும் இங்கிலாந்திலிருந்து எழுதிய கடிதங்களின் உறையில் ‘திருகோணமலை’ என்ற சொல் இடம்பெறவில்லை. மாலுமியின் பெயர், கப்பலின் பெயர், ‘மேற்பார்வை: பொதுத் தபாலகம், இலண்டன்’ என்பனவே எழுதப்பட்டன. கப்பல் எக்கடலில் உள்ளது என்பதை எழுதியவர் அறியார். போர்க்கால இரகசியம் கருதி அறியவும் கூடாது. கப்பல்களின் இருப்பிடத்தை அறிந்தோர் அத்தபாலை உரிய துறைக்குத் திருப்பிவிட்டனர். கப்பல் திருகோணமலையை விட்டு மொம்பாசாவுக்குச் சென்றாலும் வீட்டார் தம் உறையில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

இங்கு இரு வேறு செய்திகள் பிரித்து வைக்கப்பட்டமை கருதத்தக்கது. கடிதம் யாருக்குரியது என்பது ஒன்று. அது தற்போது எங்கே கொண்டுசெல்லப்பட வேண்டும் என்பது மற்றொன்று. முன்னையதை எழுதுவோர் அறிவர். பின்னையதைத் தபாற் பகுதியார் அறிவர். பின்னையது நாள்தோறும் மாறினும் முன்னையது மாறுவதில்லை. இப்பிரிவினையே முகவரியை நிலைபெறச் செய்தது.

கடற்படையினர் பெயரை ஆண்ட முறைக்கு மற்றுமோர் எடுத்துக்காட்டும் இத்துறைமுகத்திலேயே கிடைக்கின்றது. 1898இல் நீரில் இறக்கப்பட்ட ‘ஹைஃபிளையர்’ என்னும் போர்க்கப்பல் முதலாம் உலகப் போரிற் பங்குகொண்டு, 1921இல் உடைப்பதற்கென விற்கப்பட்டது. பின்னர் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் திருகோணமலையில் அமைந்த கரைத்தளத்துக்கு அதே பெயர் சூட்டப்பட்டது. மிதக்காத, நகராத நிலத்து நிலையம் ஒன்று கப்பலின் பெயரைத் தாங்கி நின்றது. இரும்புக் கலம் அழிந்த பின்னும் பெயர் பிறிதொன்றைச் சுட்டிநிற்க வல்லது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. 1957ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15ஆம் நாள் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

பெயரையும் இடத்தையும் பிரிக்கும் இம்முறை வணிக உலகிலும் வழங்கியது. இலங்கையில் 1858இல் கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திச் சேவை தொடங்கியது. சொல்லுக்கு இவ்வளவு எனக் கட்டணம் அறவிடப்பட்ட அச்சேவையில், நீண்ட முகவரியை எழுதுதல் வீண்செலவாயிற்று. ஆகவே வணிக நிறுவனங்கள் ஒற்றைச் சொல்லொன்றைத் தந்திப் பகுதியிற் பதிவு செய்து, அதற்கென ஆண்டுக் கட்டணம் செலுத்தின. பழைய கடிதத் தாள்களின் தலைப்பில் ‘தந்தி’ என்ற சொல்லுக்கு எதிரே அச்சிடப்பட்டிருக்கும் பெயர் இதுவே. கடை ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு மாறினும் தந்தி முகவரி மாறவில்லை. இன்றைய இணையத்து ஆள்களப் பெயருக்கு இதனை முன்னோடி எனக் கொள்வது பொருந்தும். பெயரைப் பதிதல், ஆண்டுதோறும் புதுப்பித்தல், ஒரு பெயரை ஒருவருக்கே வழங்குதல் ஆகிய இயல்புகள் இரண்டுக்கும் பொதுவானவை.

மின்னஞ்சல் இவ்வுண்மையைத் தன் தொடக்கத்தில் அறிந்திருக்கவில்லை. 1971இல் அமெரிக்கப் பொறியியலாளர் றே ரொம்லின்சன், அர்ப்பாநெற் வலையமைப்பினூடாக ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு மடல் அனுப்பும் முறையைச் செயற்படுத்தினார். பயனரின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிப்பதற்கு ‘அற்’ என்னும் குறியைத் தெரிவு செய்தவரும் அவரே. குறிக்குப் பின்னே வந்தது குறித்த ஓர் இயந்திரத்தின் பெயர். இயந்திரம் அகற்றப்பட்டால் முகவரியும் அகன்றது. வலையமைப்பிலிருந்த கணினிகளின் பெயர்கள் யாவும் ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிறுவனத்தில் பேணப்பட்ட ஒற்றைப் பட்டியலில் எழுதப்பட்டு, எல்லோராலும் பிரதி செய்யப்பட்டன. 1970களின் பிற்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தில் உருவான யூ.யூ.சி.பி. முறையிலோ நிலைமை இன்னும் இடர்மிக்கதாயிற்று. மடல் கடந்து செல்ல வேண்டிய கணினிகளின் பெயர்களை அனுப்புவோரே வரிசையாக எழுத வேண்டியிருந்தது. மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடந்து, வலப்புறம் திரும்பி, மூன்றாம் ஒழுங்கையில் நுழைக என வழி சொல்வதை ஒத்த முகவரி அது. இடையிலுள்ள ஒரு கணினி நின்றுபோயின், அவ்வழி வந்த முகவரிகள் யாவும் பயனற்றுப் போயின.

1982இல் யொனதன் பொஸ்ரல் வகுத்த எஸ்.எம்.ரீ.பி. நெறிமுறை, மடலைக் கையளிக்கும் உரையாடலை ஒழுங்குபடுத்தியது. 1983இல் போல் மொக்கபெற்றிஸ் ஆள்களப் பெயர் முறைமையை வகுத்து, ஒற்றைப் பட்டியலின் இடத்தில் பலரிடையே பகிர்ந்தளிக்கப்பட்ட பெயரேட்டினை நிறுவினார். 1986இல் கிறெய்க் பாட்ரிட்ஜ் எழுதிய ஆவணம், அப்பெயரேட்டில் உள்ள ‘எம்.எக்ஸ்’ என்னும் பதிவைக் கொண்டு மடலின் வழியைத் தீர்மானிக்கும் முறையை விளக்கியது. ஒரு பெயருக்கு வரும் மடல்களை எக்கணினி ஏற்கும் என்பதை அப்பெயரின் உரிமையாளரே அதில் எழுதி வைக்கலாம், வேண்டும்போது மாற்றலாம். மாலுமியின் தாய்க்கும் கப்பலுக்கும் இடையே இலண்டன் தபாலகம் ஆற்றிய பணியை இப்பதிவு ஆற்றத் தொடங்கியது. மின்னஞ்சலில் நிரந்தர முகவரி என்பது இயலக்கூடியதாக ஆனது இதன் பின்னரேயாம்.

இலங்கையைப் பொறுத்தவரை, 1990ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கதாகும். அவ்வாண்டிலேயே நம் நாட்டுக்குரிய ‘.எல்கே’ என்னும் ஆள்களம் பதிவு பெற்றது. மொறட்டுவப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அபய இந்துருவ முதலானோரின் முயற்சியால், ‘லேர்ன்’ எனப்படும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் மின்னஞ்சற் சேவையும் அக்காலத்தே தொடங்கியது. மடல்கள் கணினியிற் சேர்த்து வைக்கப்பட்டு, தொலைபேசி இணைப்புக் கிடைக்கும்போது அனுப்பப்பட்டன. தபால் வண்டி புறப்படும்வரை கடிதப்பைகள் கந்தோரில் காத்திருந்தமையை அது ஒத்தது. நாட்டுக்கு ஒரு நிலையான பெயர் வாய்த்த அதே ஆண்டின் நடுப்பகுதியிலேதான் திருகோணமலை மக்கள் தம் நிலையான முகவரிகளை இழந்து சிதறினர். இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையே காரண காரியத் தொடர்பு எதுவுமில்லை. எனினும் பின்னையோருக்கு முன்னையது பயன்பட்டிருக்கக்கூடிய காலம் அப்போது தொலைவில் இருந்தது என்பதை நினைக்கும்போது மனம் கனக்கின்றது.

அத்தொடக்க காலத்தில் பல்கலைக்கழகங்கள் தம் மடல் வழங்கிகளைத் தாமே நடத்தின. அது அன்றைய இயல்பான நிலை. 1983இல் எரிக் ஓல்மனின் ‘சென்ட்மெயில்’, 1998இல் வீற்சே வெனெமாவின் ‘போஸ்ற்பிக்ஸ்’ ஆகிய மென்பொருள்கள் எவரும் பெற்று நிறுவத்தக்கனவாக வெளிவந்தன. ஆயின் 1996இல் ஹொட்மெயிலும், 2004இல் ஜிமெயிலும் தோன்றியபின், முகவரி என்பது பெருநிறுவனங்கள் இலவசமாக வழங்கும் பொருளாயிற்று. அதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. புலம்பெயர்ந்த தமிழர் பலர் சிதறிய சுற்றத்தை மீண்டும் கண்டடைந்தது இவற்றின் வழியேயாகும். ஆயினும் அம்முகவரியின் குறிக்குப் பின்னே நிற்பது நிறுவனத்தின் பெயர். நாம் அதிற் குடியிருப்போர் மாத்திரமே. ஈராண்டு பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகள் நீக்கப்படலாம் எனக் கூகிள் நிறுவனம் 2023இல் அறிவித்தமை இவ்வேற்றுமையை உணர்த்தும்.

யாம் அறிந்த மாணவர் சங்கமொன்றின் அனுபவத்தை இங்குக் குறிப்பிடுதல் தகும். அச்சங்கத்தின் முகவரி முன்னாட் செயலாளர் ஒருவர் தம் பெயரில் தொடங்கிய இலவசக் கணக்காக இருந்தது. அவர் பட்டம் பெற்று வெளிநாடு சென்றார். கடவுச்சொல் அடுத்த குழுவினரிடம் சேரவில்லை. முந்தைய மலர்களில் எழுதியோர் அனுப்பிய மடல்களும், அவர்கள் அளித்த பழைய ஒளிப்படங்களும் அக்கணக்கோடு மறைந்தன. அவற்றுள் இன்று இல்லாத வீடுகளின் படங்களும் அடங்கும். தவறு எவருடையதும் அன்று. பொதுவாக இருக்க வேண்டிய பெயர் ஒருவருடையதாக இருந்ததே அதற்குக் காரணம்.

எனவே தமக்கெனப் பெயரும் வழங்கியும் வைத்துக்கொள்ள விரும்புவோர் செய்ய வேண்டியன யாவை? முதலாவது, ஆள்களப் பெயரொன்றைப் பதிவு செய்தல். இரண்டாவது, இடையறாது இயங்குவதும் மாறாத இணைய எண்ணை உடையதுமான கணினியொன்றை அமைத்தல். மூன்றாவது, அக்கணினியைச் சுட்டும் எம்.எக்ஸ் பதிவைப் பெயரேட்டில் எழுதுதல். நான்காவது, மடலை ஏற்கவும் அனுப்பவும் போஸ்ற்பிக்ஸ் போன்ற மென்பொருளையும், பெட்டியிலுள்ள மடலைப் பயனர் எடுத்துப் படிக்க டவ்கொட் போன்ற மென்பொருளையும் நிறுவுதல். ஐந்தாவது, மடல்களின் பிரதியைப் பிறிதோர் இடத்தில் நாள்தோறும் பேணுதல். இவை கணினித்துறை மாணவர் ஒருவர் விடுமுறை நாட்களிற் கற்று முடிக்கத்தக்கனவே.

மின்வெட்டு நேர்ந்தால் மடல்கள் அழியாவோ என ஐயுறுவோர் உளர். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டை நாம் அனுபவித்தோம். ஆகவே இவ்வையம் நியாயமானதே. ஆயின் எஸ்.எம்.ரீ.பி. நெறிமுறையை வகுத்தோர் இதனை முன்னரே கருதியுள்ளனர். பெறும் கணினி விடையளிக்காவிடின் அனுப்பும் கணினி மடலைத் தன் வரிசையில் வைத்திருந்து மீண்டும் மீண்டும் முயலும். நான்கு, ஐந்து நாட்களாயினும் முயன்ற பின்னரே கைவிடத்தகும் என அந்நெறிமுறையின் 2008ஆம் ஆண்டுப் பதிப்புக் கூறுகின்றது. கடல் கொந்தளிக்கும் காலத்தில் படகு மீளும்வரை கடிதப்பை கரையிற் காத்திருக்கும் ஒழுக்கம் இங்கும் நிலைபெற்றுள்ளது.

மடலைப் பெறுதல் எளிது. அனுப்பிய மடலைப் பிறர் ஏற்கச் செய்தலே அரிது. 1978ஆம் ஆண்டு மே மாதத்தில், அர்ப்பாநெற் பயனர் சில நூற்றுவருக்குக் கணினி விளம்பரம் ஒன்று கேளாமலே அனுப்பப்பட்டது. அன்று முளைத்த களை பின்னர் உலகெங்கும் படர்ந்தது. அதனைத் தடுக்க எழுந்த காவல்கள் மூன்று. என் பெயரில் மடல் கொண்டுவரத்தக்க கணினிகள் இன்னவை என அறிவிக்கும் பட்டியல் எஸ்.பி.எப்.; மடலில் இடப்படும் மறைகுறி முத்திரை டீ.கே.ஐ.எம்.; பட்டியலோடும் முத்திரையோடும் பொருந்தாத மடலை என்செய்ய வேண்டும் எனப் பெறுவோருக்குக் கூறும் கட்டளை டீமார்க். இவை முறையே 2006, 2007, 2015ஆம் ஆண்டுகளில் ஆவணமாக வெளியிடப்பட்டன. இவற்றை ஒழுங்காக அமைத்தாலும், அறிமுகமற்ற சிறு வழங்கியின் மடலைப் பெருநிறுவனங்கள் ஐயத்துடனேயே நோக்குகின்றன. வீட்டு இணைப்புக்குரிய எண் அடிக்கடி மாறுவதும், பல சேவை நிறுவனங்கள் மடலுக்குரிய 25ஆம் வாயிலை வீட்டு இணைப்புகளில் அடைத்து வைத்திருப்பதும் மேலதிக இடர்களாம். கப்பல்துறையில் ஒரு வீட்டின் மூலையில் வைத்த கணினி மடலைப் பெறுவதற்குப் போதியதாக அமையலாம். அனுப்புவதற்கோ அது பெரும்பாலும் போதாது.

இவ்விடத்தே மீண்டும் கப்பலின் பாடத்தை நினைவு கூர்தல் வேண்டும். மாலுமியின் முகவரி நிலைத்தது, கப்பல் நிலைத்தமையால் அன்று, பெயர் நிலைத்தமையாலேயாம். இரும்பைப் போலவே இயந்திரமும் தேயும். ஆகவே இயந்திரத்தை வாடகைக்குப் பெறலாம்; மடல் நடத்தும் பணியைக் கட்டணம் கொடுத்துப் பிறரிடமும் ஒப்படைக்கலாம். பெயர் நம்முடையதாக இருப்பின், பணி செய்வோர் தவறும்போது எம்.எக்ஸ் பதிவை மாற்றி மற்றொருவரை அமர்த்தலாம். உறவினரோ நண்பரோ அதனை அறியவும் வேண்டியதில்லை. சொந்தமாக வழங்கியை நடத்துவது சிறந்த கல்வி. பெயரைச் சொந்தமாக வைத்திருப்பதோ இன்றியமையாத காப்பு.

இந்நிரந்தரத்துக்கும் எல்லையுண்டு என்பதை மறைத்தல் நேர்மையாகாது. கட்டணத்தைப் புதுப்பிக்கத் தவறின் பெயர் பிறர் கைக்குச் செல்லும். உரியவர் இறந்தால் அதனைப் பேணுவதற்கு அடுத்தவர் வேண்டும். இந்தியாவில் 2013ஆம் ஆண்டு யூலை மாதத்தில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டபோது, அங்குப் பதிவு பெற்றிருந்த தந்தி முகவரிகளும் பயனிழந்தன. நாடுகளின் பெயரும் நிலைத்தவை அல்ல. யூகோசிலாவியாவுக்குரிய ஆள்களம் 2010இல் நீக்கப்பட்டது. நம் நாடும் 1972இல் தன் ஆங்கிலப் பெயரை மாற்றிக்கொண்டது. நாட்டுக் குறியீடுகளின் அனைத்துலகப் பட்டியல் முதன்முதல் வெளிவந்தது 1974இலாகையால், நமக்குப் புதுப் பெயருக்கேற்ற குறியீடே வாய்த்தது.

மொழி சார்ந்த செய்தியொன்றும் எஞ்சியுள்ளது. 2010ஆம் ஆண்டில் ‘.இலங்கை’ என்னும் தமிழ் எழுத்து ஆள்களத்துக்கு வழி திறக்கப்பட்டது. 2012இல் குறிக்கு முன்னும் பின்னும் பிறமொழி எழுத்துகளை ஏற்கும் மின்னஞ்சல் நெறிமுறை வெளியாயிற்று. எனவே முழுவதும் தமிழ் எழுத்தில் அமைந்த முகவரி இன்று இயலாததன்று. எல்லா வழங்கிகளும் அதனை ஏற்பதில்லை என்பது உண்மையே. ஆயினும் தம் வழங்கியைத் தாமே நடத்துவோர் அதனை ஏற்கும்படி அமைக்கலாம். தமிழ்ச் சங்கமொன்று செய்யத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்றன்றோ?

ஆண்டுதோறும் மாறும் செயற்குழுவினரைக் கொண்ட நம் போன்ற சங்கங்கள், தனியொருவர் பெயரில் அல்லாது சங்கத்தின் பெயரிலேயே ஆள்களமொன்றைப் பதிந்து, அதன் சாவியை யாப்பின்வழிப் பொறுப்பாசிரியரிடமும் செயலாளரிடமும் ஒப்படைத்தல் வேண்டும். முடிந்தால் உறுப்பினருக்கும் அப்பெயரின் கீழ் வாழ்நாள் முழுவதும் செல்லுபடியாகும் முகவரியை வழங்குதல் வேண்டும். வீடு எரியலாம்; கடல் ஊருக்குள் புகலாம்; காணி கைமாறலாம். அவற்றைத் தடுக்கும் ஆற்றல் ஒரு முகவரிக்கு இல்லை. ஆனால் அவை நேர்ந்த மறுநாள், ஒருவனை அவனுடைய சுற்றத்தார் எப்பெயரில் அழைத்துத் தேடுவர் என்ற வினாவுக்கு அது விடை அளிக்கும். படிவத்தின் ‘நிரந்தர முகவரி’ என்னும் கூற்றை நிரப்ப முடியாது பேனாவுடன் தயங்கி நின்ற தலைமுறையொன்றின் பிள்ளைகள் நாம். இவ்விடையின் அருமை நமக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதன்று.